பதினோரு நாயும் ஏழு மணி நேரத் தூக்கமும்

வாசல் தெளிப்பதற்கு முன்னால் பழனாத்தாளுக்கு இன்னொரு வேலை இருந்தது. ஓரம் கிழிந்த ஒரு தகர முறம், தேய்ந்த தென்னந்துடைப்பம், டப்பா நிறைய மணல். மூன்றையும் எடுத்துக்கொண்டு, முந்தானையால் மூக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு கேட்டைத் திறப்பாள். ராத்திரி நாய்கள் பேண்டு வைத்ததெல்லாம் அங்கங்கே கிடக்கும். கேட்டுக்கு இடப்பக்கம் ஒன்று, தண்ணீர்த் தொட்டி மூடியின் மேல் ஒன்று, வண்டி ஏற்றும் சரிவில் ஒன்று. ஒவ்வொன்றின் மேலும் மணலைப் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வழித்தெடுத்து, தூரமாகக் கொண்டுபோய்த் தட்டிவிட்டு வருவாள். எது எந்த நாயினுடையது என்பதுகூட அவளுக்குத் தெரியும். ஐந்து வருஷப் பழக்கம். இந்த அறிவெல்லாம் தனக்கு எதற்கு வந்து சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டே முறத்தைக் கழுவி வைப்பாள்.

கருமத்தம்பட்டியில் அவிநாசி ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, விசைத்தறி ஷெட்டுகளுக்குப் பின்னால், சோளக்காட்டை மனை மனையாகப் பிரித்துப்போட்ட இடத்தில் அவர்கள் வீடு. முப்பது வீடு கட்டியிருந்தார்கள். மீதி மனைகளில் சீமைக் கருவேலம் முளைத்துக் கிடந்தது. அதற்குள் என்னென்ன குடியிருந்தன என்பதை அந்தக் கருவேலம்தான் சொல்ல வேண்டும். மயில்கள் விடிந்ததும் மொட்டை மாடிக்கு வந்து, கழுத்தை நீட்டி, யாரையோ வெட்டுவதுபோல அலறும். காயப்போட்ட துணியின் மேல் கழிந்துவிட்டுப் போகும். முருகனின் வாகனம் என்பதால் ஒருவரும் கல் எடுக்க மாட்டார்கள். கையெடுத்துக் கும்பிடுகிறவர்களும் உண்டு. பழனாத்தாள் கும்பிட்டதில்லை. குளியலறைப் பரணில் ஒரு பூனை மூன்று தடவை குட்டி போட்டிருந்தது. ஜன்னல் சிலாப்பில் புறாக்கள் நாளெல்லாம் தொண்டையில் சளி கட்டியதுபோல உறுமிக்கொண்டிருந்தன. ஆனாலும் இவையெல்லாம் சில்லறைத் தொல்லை. நாய்தான் பெருந்தொல்லை. மொத்தம் பதினோரு நாய்.

இதில் அவளுக்கு ஆத்திரம் அதிகம் வரக் காரணம் உண்டு. தாராபுரத்துக்குத் தெற்கே ஒரு தோட்டத்து வீட்டில் பிறந்தவள் பழனாத்தாள். ஆறு எருமை, முப்பது ஆடு, கட்டிலுக்கடியில் ஒரு நாய். மழைக்காலத்தில் ஆட்டுக்குட்டிகளை உள்வீட்டிலேயே கட்டுவார்கள். அவளுடைய பள்ளிக்கூடத்துத் தாவணியில் ஆட்டு மூத்திர வாடை ஏறிப்போய், எட்டாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் டீச்சரிடம் சொல்லி இடம் மாற்றிக்கொண்டாள். அன்றைக்கே பழனாத்தாள் முடிவு செய்துவிட்டாள். பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளை எப்படி, மாமியார் எப்படி என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. தரகரைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஏனுங், அவிய ஊட்டுல எருமை இருக்குதுங்களா?"

"எருமையா? காடு தோட்டமே இல்லீங்க கண்ணு. பையன் பஸ் ஓட்டறான். டவுன்ல வாடகை ஊடு."

காடு தோட்டம் இல்லாத இடத்தில் பெண்ணைக் கொடுக்கிறோமே என்று வீட்டில் எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டிருந்தார்கள். பழனாத்தாள் அன்று ராத்திரி இரண்டு கவளம் அதிகமாகச் சாப்பிட்டாள்.

அந்தப் பையன்தான் திருமலைசாமி. இருபத்தேழு வருஷமாக அவளுக்குப் புருஷன். டவுன் பஸ், மில் பஸ் என்று ஓட்டி, கடைசியில் காந்திபுரத்திலிருந்து பெங்களூர் போகும் தனியார் பஸ்ஸில் சேர்ந்தார். ஒருநாள் ராத்திரி கிளம்பிப் போவார், மறுநாள் ராத்திரி அங்கிருந்து திரும்புவார். ஒன்றுவிட்டு ஒரு நாள் விடிகாலையில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, டவுன் பஸ் பிடித்து ஏழு மணிக்கு வீடு வந்து சேருவார். குளித்து, இரண்டு தோசையைத் தின்றுவிட்டு எட்டு மணிக்குப் படுத்தால் மூன்று மணி வரைக்கும் தூங்க வேண்டும். சாயங்காலம் மறுபடியும் வண்டி. மகள் ரித்திகா ஓசூரில் வேலைக்குப் போய்விட்ட பிறகு, அந்த வீட்டில் பழனாத்தாளுக்கு இருந்த முக்கியமான வேலை ஏழு மணி நேரத் தூக்கத்தைக் காவல் காப்பதுதான். மிக்ஸி போட மாட்டாள். குக்கர் வைக்க மாட்டாள். தபால்காரர் வந்தால் விரலை உதட்டில் வைத்துக்கொண்டே ஓடுவாள்.

போன மார்கழிக்குப் பிறகு அந்தக் காவல் வேறு மாதிரியாகிவிட்டது. ஒருநாள் காலை திருமலைசாமி தோசையைப் பிய்த்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்.

"கிருஷ்ணகிரி தாண்டி கண்ணு சொருகிப்போச்சு."

"என்னங் சொல்றீங்க?"

"மூணு செகண்டு இருக்கும். நடுத்திட்டுல டயர் ஏறிருச்சு. கிளீனர் கத்துனான், ஸ்டியரிங்க ஒடிச்சுப்போட்டேன். கண்ணாடி ஒண்ணுதான் போச்சு."

"ஆளுங்களுக்கு?"

"முப்பத்தாறு பேரும் தூங்கிட்டு இருந்தாங்க. ஒருத்தருக்கும் தெரியாது." தோசையைத் தள்ளி வைத்தார். "இன்னொரு தடவைன்னா சாவியை வெச்சுப்போட்டு ஊட்டுக்குப் போயிருங்கன்னு மொதலாளி சொல்லிட்டாரு. அதொண்ணும் பெருசில்ல. இன்னொரு தடவைன்னா ஊட்டுக்கு வருவனான்னு இருக்குது."

அன்றிலிருந்து பழனாத்தாள் படுக்கையறைக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவர் எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை தடவை விழித்தார் என்று பார்க்க ஆரம்பித்தாள். தறிச் சத்தம் அவரை ஒன்றும் செய்யாது. ஷெட்டில் இருபது தறி ஒன்றாக ஓடினாலும் அது ஒரே சீராக, இஞ்சின் சத்தம் மாதிரி ஓடும். அவர் அதில் நன்றாகவே தூங்குவார். நாய் குரைப்பதில் சீர் ஏது? ஒரு நாய் தொடங்கும், நிறுத்தும், அடங்கிவிட்டது என்று நினைக்கும்போது ஆறு நாய் சேர்ந்து ஊளையிடும். கரண்ட் போய்த் தறி நின்றால் முடிந்தது கதை. தலைமாட்டில் நின்று குரைப்பதுபோல இருக்கும்.

நாய்களை அந்த வீதியில் கூட்டி வைத்திருந்தவர் எதிர்வீட்டு வெங்கடபதி. மோட்டார் பம்ப் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் சம்சாரம் பங்காரம்மாவும் மட்டும்தான். தினமும் காலையில் கறிக்கடையிலிருந்து கோழித் தலை, கால், தோல், குடல் எல்லாம் ஒரு பையில் வாங்கி வந்து, ரேஷன் அரிசியோடு மஞ்சள்தூள் போட்டு, வீட்டுக்குப் பின்னால் விறகடுப்பில் பெரிய அண்டாவில் வேகவைப்பார். அந்த ஆவி வீதி முழுக்கப் பரவும். எட்டேகாலுக்கு அண்டாவைக் கொண்டுவந்து வீதி நடுவில், அதாவது பழனாத்தாள் வீட்டுக் கேட்டுக்கு நேராக வைத்து, கரண்டியால் விளிம்பில் தட்டுவார். ஏழரையிலிருந்தே கூடி நின்று குரைத்துக்கொண்டிருந்த பதினோரு நாயும் பாயும். தின்று முடித்ததும் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். பத்து மணி வரைக்கும் அந்தச் சண்டை ஓயாது.

பழனாத்தாள் செய்யாத முயற்சி இல்லை. நகராட்சி ஆபீசுக்குப் போன் போட்டாள். பிடித்துக்கொண்டுபோய்க் கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும் என்பதுதான் சட்டம் என்றார்கள். பிடித்த இடம் என்றால் அவள் வீட்டுக் கேட்டுத்தான். தாராபுரத்துத் தம்பி அருண்குமார், பிஸ்கட்டில் மருந்து வைத்துப் போடச் சொன்னான். ஒரு நாள் முழுக்க அதை யோசித்தாள் என்பதை மறைப்பதற்கில்லை. இரக்கத்தால் விட்டாள் என்றும் சொல்ல முடியாது. செத்த நாயை யார் தூக்குவது என்று நினைத்தாள், அங்கேயே குமட்டிக்கொண்டு வந்தது. ரித்திகா போனில் ஒரு ஆப் ஏற்றிக் கொடுத்தாள். அதைப் போட்டால் மழை பெய்யும் சத்தம் கேட்கும், நாய்ச் சத்தம் அமுங்கிவிடும் என்றாள். முதல் நாளே திருமலைசாமி தூக்கத்தில் எழுந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, துணி எடுக்க மொட்டை மாடிக்கு ஓடினார்.

பேசிப் பார்ப்பது ஒன்றுதான் மீதி. ஆனால் வெங்கடபதியிடம் எப்படிப் பேசுவது? குடிவந்த புதிதில் போர் மோட்டார் எரிந்துபோனபோது, இரண்டு நாள் அவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து செப்புக்கம்பியைச் சுற்றி மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டிக் கொடுத்தவர் அவர். ஒரு டீக்கு மேல் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை.

"நீங்க சொல்லுங்க" என்றாள் புருஷனிடம்.

"நானெப்படிச் சொல்றது? அந்த மனுசன் மொகத்தப் பாத்து?" என்றார் அவர். "நீயே பக்குவமாச் சொல்லிப்போடு."

மாசி மாதத்தில் ஒருநாள், முருங்கைக்காய் நாலு ஒடித்து எடுத்துக்கொண்டு போனாள். சொல்ல வேண்டியதைப் பாத்திரம் விளக்கும்போதே பத்து தடவை சொல்லிப் பார்த்திருந்தாள்.

"வாங்க அம்மணி, வாங்க. பங்காரு, ஆரு வந்திருக்கறாங்க பாரு. உக்காருங்க. காப்பி குடிக்கறீங்களா?"

"இப்பத்தானுங்ணா குடிச்சுப்போட்டு வாரேன்."

"அது உங்க ஊட்டுக் காப்பி. எங்க ஊட்டுக் காப்பி குடிச்சீங்களா?"

காப்பி வந்தது. அதன் மேல் ஒரு மயிர் மிதந்தது. செம்பட்டை நிறம். கேட்டோரம் படுக்கும் காது அறுந்த நாயினுடையது என்று பார்த்ததுமே தெரிந்தது. பங்காரம்மா எதிரிலேயே உட்கார்ந்து, ரித்திகாவுக்கு வரன் பார்க்கிறார்களா, தாராபுரத்தில் மழை உண்டா, கிட்னிக் கல்லுக்கு எந்த ஆஸ்பத்திரி தேவலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பழனாத்தாள் மயிரை டம்ளரின் ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, மறுபக்கமாகக் காப்பி முழுவதையும் குடித்து முடித்தாள். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"ஏனுங்ணா, இந்த நாய்ங்க..."

"சொல்லுங்க அம்மணி."

"காலையில நெம்பச் சத்தம் போடுதுங்க."

அவள் வளர்ந்த இடத்தில் அதற்கு மேல் ஒரு வார்த்தை தேவையில்லை. ஒருவர் வீட்டில் உட்கார்ந்து, அவர் காப்பியைக் குடித்துவிட்டு, இதைச் சொல்வதே கல்லெடுத்து எறிவதற்குச் சமம். வெங்கடபதியின் முகம் சட்டென்று வாடியது. அதைப் பார்த்ததும் அவள் நாக்கு தானாகத் திரும்பிக்கொண்டது.

"பாவம், பசி போல இருக்குதுங்க" என்றாள்.

வாடிய முகம் பளிச்சென்று ஆனது. "பாத்தியா பங்காரு! இந்த வீதியில முப்பது ஊடு இருக்குது. ஒருத்தருக்காச்சும் இது தோணுச்சா? அம்மணிக்கல்லோ தோணியிருக்குது! ஒரு நேரம் போட்டா எப்படிங்க பத்தும்?"

"அய்யோ, அதில்லீங்ணா, நான் என்ன சொல்ல வந்தன்னா..."

"எதுக்குங்க கூச்சப்படறீங்க? நல்ல காரியத்தைச் சொல்லிப்போட்டீங்க. நாளையிலிருந்து மத்தியானமும் ஒரு நேரம் போட்டுடறேன். வாயில்லாச் சீவன், நீங்க சொன்னதுக்கப்பறமும் போடாம இருந்தா நல்லா இருக்குமா?"

மூன்று மணிக்கு எழுந்த திருமலைசாமி, "சொல்லிப்போட்டியா?" என்று கேட்டார்.

"சொல்லிப்போட்டனுங்."

"என்னங்கறாரு?"

"இனி மத்தியானமும் சோறு போடறாராமா."

திருமலைசாமி கட்டிலிலிருந்து காலைக் கீழே போட்டார். "நீ என்னத்தச் சொன்னே?"

"நெம்பச் சத்தம்னு சொன்னனுங்."

"வேற?"

அவள் துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து ஒரு மணிக்கும் அண்டா வந்தது. ஏற்கெனவே ஐந்து மணி நேரமாகியிருந்த தூக்கம் மூன்றாகக் குறைந்தது. எட்டு மணிக்குப் படுத்தால் எட்டேகாலுக்கு விழிப்பு, பத்து மணிக்கு மேல் கொஞ்சம் கண்ணயர்வு, ஒரு மணிக்கு மறுபடியும் அதே கூத்து. பங்குனி வெயில் வேறு. வீதியில் சிந்திய சோற்றுப் பருக்கையும் கோழிக் காலும் காய்ந்து, அதில் ஈ மொய்த்து, அந்த ஈ அவளுடைய சமையற்கட்டுக்குள் வந்து தயிர்ப் பாத்திரத்தில் உட்கார்ந்தது. ஒரு கோழித் தலையை எந்த நாயோ கவ்விக்கொண்டுவந்து கோலத்தின் மேல் போட்டுவிட்டுப் போயிருந்தது. கண் திறந்தே இருந்தது. பழனாத்தாள் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

சித்திரையில் ஒருநாள் காலை, திருமலைசாமி வீட்டுக்குள் வரும்போது இரண்டு கன்னமும் சிவந்து கிடந்தன.

"என்னங்க இது?"

"தொப்பூர் எறக்கத்துல நானே அடிச்சுக்கிட்டேன். இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு." சொல்லிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "பழனா, எனக்குப் பயமா இருக்குது."

அவர் அந்த வார்த்தையைச் சொல்லி அவள் இருபத்தேழு வருஷத்தில் கேட்டதில்லை.

மறுநாளே போனாள். இந்தத் தடவை முருங்கைக்காய் இல்லை. 'சோறு போடறதா இருந்தா உங்க ஊட்டுக்குப் பின்னால போடுங்க. என்ற ஊட்டுக்காரர் செத்துப்போயிருவாரு.' இந்த இரண்டு வரியைத்தான் வாயில் வைத்துக்கொண்டு போனாள். எதிர்வீட்டு வாசலில் பெட்டிகளைக் கட்டி வைத்திருந்தார்கள். பங்காரம்மா ஓடிவந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ஆயுசு நூறு உங்களுக்கு! இப்பத்தான் உங்க ஊட்டுக்கு வரலாம்னு கெளம்புனேன். என்ற தங்கச்சி பேத்திக்கு ஓசூர்ல கண்ணாலம். பத்து நாள் ஆகும் வர்றதுக்கு."

"சந்தோசமுங்க்கா. அக்கா, ஒரு விசயமுங்க..."

"நாங்களும் ஒரு விசயத்துக்குத்தானுங்க" என்றார் வெங்கடபதி. "நாய்ங்களை ஆரு பாத்துக்குவாங்கன்னு ரெண்டு நாளாத் தூக்கமில்லீங்க. பங்காருதான் சொன்னா, எதுத்த ஊட்டம்மணி இருக்கறாங்களே, அதுங்களுக்குப் பசிக்கறது அவங்களுக்குத்தானே தெரிஞ்சுதுன்னு."

தூக்கமில்லை என்று அந்த மனுஷன் சொன்னதைக் கேட்டதும் பழனாத்தாளுக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை. ஆனால் கல்யாணத்துக்குக் கிளம்பி வாசலில் நிற்பவர்கள் ஒன்று கேட்டால், அதற்கு முடியாது என்று சொல்லி அனுப்பியவர்கள் அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. போகிற காரியம் விளங்காமல் போனால் அந்தப் பழி யார் தலையில்?

"ஆகட்டுங்க" என்றாள்.

வெங்கடபதி அதோடு விடவில்லை. மோப்பம் பிடித்துக்கொள்ளட்டும் என்று அவளை வீதியில் நிறுத்தி, கையை நீட்டச் சொல்லி, நாய்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். பதினோரு ஈர மூக்கு. அதில் நாலு, நாக்காலும் தொட்டன. சொறி பிடித்த ஒன்று அவள் புடவையில் உடம்பைத் தேய்த்துவிட்டுப் போனது. அந்தக் கையை உடம்பில் படாமல் தூரமாக நீட்டிப் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, குழாயடியில் துணி துவைக்கும் சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்தாள். தோல் எரிந்தது. வாடை போனதாகத் தெரியவில்லை.

முதல் நாள் அவள் ஒன்றும் சமைக்கவில்லை. பத்து நாள் பட்டினி போட்டால் வேறு வீதி பார்த்துப் போய்விடும் என்பது கணக்கு. எட்டு மணிக்குப் பதினோரு நாயும் அவள் கேட்டுக்கு வந்தன. வாசனை பிடித்து வைத்திருந்தன அல்லவா! கேட்டைச் சுரண்டின. இடுக்கில் மூக்கை விட்டு ஊளையிட்டன. பன்னிரண்டு மணி வரைக்கும் ஓயவில்லை. திருமலைசாமி படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் அவரை வேலைக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் பெங்களூரிலிருந்து 'வந்து சேந்துட்டேன்' என்று போன் வரும் வரைக்கும் பழனாத்தாள் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

போனை வைத்ததும் பையை எடுத்துக்கொண்டு, எக்ஸெல் மொபெட்டைக் கிளப்பிக் கறிக்கடைக்குப் போனாள்.

கடைக்காரர் பிளாஸ்டிக் டிரம்மில் கையை விட்டு அள்ளிப் போட்டார். பை சூடாக இருந்தது. செத்த பண்டம் சூடாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. வண்டியின் முன்பக்கத்தில் அதை வைத்துக்கொண்டு வரும்போது, பை தொளதொளவென்று அவள் கணுக்காலில் இடித்துக்கொண்டே வந்தது. எதிர்வீட்டுக்குப் பின்னால் விறகடுப்பில் இருந்த அண்டாவில் கொட்டியபோது மஞ்சள் நிறத்தில் எதுவோ மிதந்து மேலே வந்தது. பழனாத்தாள் வேலியோரம் போய் வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு, திரும்பி வந்து கிண்டினாள்.

கிண்டும்போதுதான் அது பட்டது. நாய் வீதியைச் சுற்றவில்லை, அண்டாவைத்தான் சுற்றுகிறது. அண்டா எங்கே போனால் அங்கே போகும்.

சோற்றை இரண்டு பிளாஸ்டிக் வாளியில் கொட்டி, எக்ஸெல் வண்டியின் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகக் கட்டினாள். மனைகளெல்லாம் முடிந்து, பூங்காவுக்கு என்று விட்டு யாரும் பூங்கா போடாத இடம் ஒன்று கடைசியில், மூடிக்கிடந்த தறி ஷெட்டுக்குப் பின்னால் இருந்தது. வேப்பமரமும் உண்டு. வண்டியைக் கிளப்பினாள். பதினோரு நாயும் பின்னால் ஓடிவந்தன. குரைத்துக்கொண்டு, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, வாளியை எட்டி எட்டி மோந்துகொண்டு. வீட்டுக்கு வீடு ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள்.

"பழனாத்தக்கா, கூட்டம் பெருசா இருக்குதுங்களே, எலெக்சன்ல நிக்கறீங்களா?" என்று மாடியிலிருந்து யாரோ ஒரு பெண் கேட்டாள். பழனாத்தாள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பாழாய்க் கிடந்த சிமெண்டுத் தொட்டியில் சோற்றைக் கொட்டினாள். தின்றன. அங்கேயே சண்டை போட்டன. அங்கேயே நிழலில் படுத்தன. திருமலைசாமி வருகிற நாளில் ஏழரை மணிக்கே கொண்டுபோய்க் கொட்டினாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவைக்கான அளவைக் கொட்டினாள். வயிறு முட்டத் தின்றது கத்தாது என்பது தோட்டத்தில் அவள் கற்றுக்கொண்டது.

அப்படிக் கொட்டிய முதல் நாள் திருமலைசாமி எட்டு மணிக்குப் படுத்தார். ஒன்பது ஆயிற்று, பத்து ஆயிற்று. பழனாத்தாள் ஸ்டூலில் உட்கார்ந்து கதவிடுக்கில் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் புரண்டு படுக்கக்கூட இல்லை. ஒரு கட்டத்தில் பயந்துபோய் உள்ளே போய் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு சூடாக, சீராக வந்தது. மூன்றரைக்கு அவரே திடுக்கிட்டு எழுந்து, கடிகாரம் நின்றுபோய்விட்டதா என்று கேட்டார்.

பத்து நாள் முடிந்து வெங்கடபதி வந்தார். அன்றே அண்டாவை வீதிக்குக் கொண்டுவந்து கரண்டியால் தட்டினார். இரண்டே நாய் வந்தன. முகர்ந்து பார்த்துவிட்டு, தறி ஷெட்டுப் பக்கமாகத் திரும்பிப் போய்விட்டன. பெரியவர் வெறும் வீதியைப் பார்த்துக்கொண்டு, கையில் கரண்டியோடு நின்றார். பழனாத்தாள் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள். பரிதாபமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மனுஷன் நாளைக்கும் தட்டுவார். நாளன்றைக்கும் தட்டுவார். ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் பதினொன்றும் திரும்பி வந்துவிடும்.

கேட்டைத் திறந்துகொண்டு எதிரே போனாள். மறுபடியும் அந்த இரண்டு வரியைச் சொல்லத்தான் போனாள். வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"இருக்கட்டுங்ணா. உங்களுக்கு வயசாச்சு. கறிக்கடைக்கு நடக்கறதும், அண்டா தூக்கறதும் எதுக்குங்க? இனிமே நானே பாத்துக்கறனுங்."

"தெனமுமா அம்மணி?"

"தெனமுமுங்."

வெங்கடபதி கரண்டியைக் கீழே வைத்தார். கண் கலங்கிவிட்டது. உள்ளே பார்த்து, "பங்காரு, இங்க வா, அம்மணி என்ன சொல்றாங்க கேளு" என்று கூப்பிட்டார். அண்டாவைக் கழுவித் துடைத்து, அதில் ஒரு ரவிக்கைத் துணியும் ஒரு தேங்காயும் வைத்து, பங்காரம்மா அவள் கையில் கொடுத்தாள். சீர் கொடுப்பதுபோல.

அதற்குப் பிறகு வீதியில் பழனாத்தாளுக்குப் பெயர் வந்துவிட்டது. யார் வீட்டில் கறிக்குழம்பு மிஞ்சினாலும் எலும்பைப் பொட்டலம் கட்டிக் கேட்டில் மாட்டிவிட்டுப் போனார்கள். பாலிதீன் பையின் அடியில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருக்கும். "உங்களுக்குத்தானுங்க அதுங்க மேல பிரியம்" என்றார்கள். அவளுக்குப் பிரியம் வரவில்லை. வரும் என்று நாலு பேர் சொன்னார்கள், அதுவும் வரவில்லை. மூன்று மாதம் ஆகியும், டிரம்மில் கை விடும் சத்தம் கேட்கும்போது அவள் வேறு பக்கம் திரும்பி, ரோட்டில் போகும் பஸ்ஸை எண்ணிக்கொண்டுதான் நிற்பாள். காது அறுந்த நாய் ஒருநாள் பாதத்தை நக்கியபோது, செருப்பைக் கழற்றி அதன் முதுகில் ஒன்று வைத்தாள். வீட்டுக்கு வந்து காலை மூன்று தடவை கழுவினாள். இப்போதெல்லாம் அவள் சோற்றைக் கரண்டியால்தான் தின்றாள். தன் கையைத் தன் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோக முடியவில்லை.

திருமலைசாமிக்கு இது எதுவும் தெரியாது. நாய்களை ஆபீசிலிருந்து வந்து பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவள் அப்படிச் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை.

ஆவணியில் ஒருநாள் சாயங்காலம், வேலைக்குக் கிளம்புவதற்கு முன் சாப்பிட உட்கார்ந்தார். அவள் குனிந்து ரசம் ஊற்றினாள். அவர் மூக்கைச் சுளித்தார்.

"ஏம்புள்ள, உன்ற கையில என்னமோ கவிச்சி அடிக்குது?"

பழனாத்தாள் ரசக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். நாலு மாதமாக அடக்கி வைத்திருந்தது ஒரே மூச்சில் வந்துவிட்டது. ஓசூர்க் கல்யாணம், கறிக்கடை டிரம், சூடான பை, வாளி, தறி ஷெட்டு, தொட்டி. பக்குவமாகச் சொல்லவில்லை. பாவம் என்றோ பசி என்றோ ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. கோழிக் குடலைக் குடல் என்றே சொன்னாள்.

திருமலைசாமியின் கை சோற்றின் மேலேயே நின்றுவிட்டது.

"எத்தனை நாளா?"

"சித்திரையிலிருந்துங்."

"இந்தக் கையிலதான் எனக்கு ஆக்கிப் போட்டியா?"

"நாலு தடவை சோப்புப் போட்டுத்தானுங் ஆக்கறேன்."

அவர் தட்டைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார், மறுபடியும் தட்டைப் பார்த்தார். "செரி, நீ போடாதே" என்றார். "அக்கட்டால போய் உக்காரு. நானே போட்டுக்கறேன்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் இருந்திருந்தால் அவள் தட்டையே தூக்கி எறிந்திருப்பாள். எழுந்து சுவரோரம் போய் உட்கார்ந்து, கை இரண்டையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு எத்தனை மணிக்குப் படுத்தீங்க?"

"எட்டு."

"எந்திரிச்சது?"

"மூணே கால்."

"நடுவுல முழிப்பு வந்துச்சுங்களா?"

"இல்ல." ரசத்தை அவரே ஊற்றிக்கொண்டார். "ஒரு தடவைகூட இல்ல."

"அப்ப உண்ணுங்க" என்றாள் பழனாத்தாள். "வண்டிக்கு நேரமாச்சு."

அவர் மூக்கால் மூச்சு விடாமல், வேகமாக, தட்டில் இருந்ததை முழுவதும் உண்டு முடித்தார்.